எத்தனை தடவை மினுக்குது?

"அண்ணாச்சி, டிவி வரமாட்டேங்கு. கீழ சேப்பு லைட்டு மட்டும் மினுக்குது" என்று போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை தடவை மினுக்குது?" பலர் திகைத்துப்போவார்கள். விட்டு விட்டு எரிகிற ஒரு சின்ன விளக்கை எண்ணிப் பார்க்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நான் சொல்லிக்கொடுப்பேன். "பிளக்கைப் புடுங்கி ஒரு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. பவரைப் போடுங்க. லைட்டு மினுக்கிட்டு கொஞ்ச நேரம் நிக்கும், மறுபடியும் மினுக்கும். நின்னதுக்கப்புறம் வர்றதை எண்ணுங்க. மூணு ரவுண்டு எண்ணி, மூணும் ஒரே எண்ணா வந்தாச் சொல்லுங்க." மினுக்கும் வேகம் அதிகமாக இருந்தால் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எண் தெளிவாகத் தெரிந்துவிடும்.

செட் ஏன் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது என்பதற்கான குறிப்பு அந்த எண்ணில் இருக்கிறது. அதைச் சரியாக வாசித்தால் ஒரு குடும்பத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் மிஞ்சும். தவறாக வாசித்தால் நல்ல போர்டு குப்பைக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கம் டிவி மெக்கானிக்காகவே வாழ்ந்துவிட்ட நான் இந்தச் சின்ன விளக்கிடம் கற்றுக்கொண்டதை, தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகவும் வீட்டில் டிவி வைத்திருப்பவர்களுக்காகவும் எழுதிவைக்கிறேன்.

நான் தொழில் பழகியது பிக்சர் டியூப் காலத்தில். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கோளாறு திரையிலேயே தெரியும். திரையின் நடுவில் படுக்கைவசத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு நின்றால் வெர்டிகல் ஐ.சி. பக்கம் போக வேண்டும். மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழுந்தால் டீகாஸ் காயிலையும் போசிஸ்டரையும் பார்க்க வேண்டும். திரை முழுக்க ஒரே நிறம் ஏறி, குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடினால் டியூப்பின் பின்னால் மாட்டியிருக்கும் சின்ன போர்டில் அந்த நிறத்துக்கான டிரான்சிஸ்டர் போயிருக்கும். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு வீடு வீடாக 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது, அதுவரை ஊருக்கு ஒரு டிவி மட்டுமே இருந்த இடங்களிலிருந்தும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு செட்டுகள் வந்தன. அந்த வேலையிலும் கண்தான் முதல் மீட்டர். திரையைப் பார்த்ததுமே கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தட்டை டிவி வந்ததும் அந்தப் படிப்பில் பாதி செல்லாமல் போனது. கோளாறைத் திரையில் காட்டுவதற்கு முன்பே செட் அணைந்துவிடுகிறது. பவர் போட்டால் லோகோகூட வராது. சில செட்டுகள் ஒரு விநாடி வெளிச்சம் காட்டிவிட்டு இருண்டுபோகும். அதற்குமேல் பார்ப்பதற்கு மிஞ்சுவது அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான்.

மினுக்கி எண் சொல்லும் செட்டை நான் முதலில் பார்த்தது பிக்சர் டியூப் காலத்திலேயே, சோனி டிரினிட்ரானில். அவற்றுக்குள் தன்சோதனை வசதி இருந்தது. 2 என்றால் பி-பிளஸ் என்னும் மெயின் சப்ளை லைனில் கரண்ட் அதிகமாக இழுக்கிறது. 4 என்றால் வெர்டிகல் டிஃப்ளெக்ஷன் நின்றுவிட்டது. 5 என்றால் ஏ.கே.பி., அதாவது டியூப்பின் கரண்டைச் சரிபார்க்கும் சுற்று. இந்த 5 எனக்கு நல்ல ஆசான். டியூப்பின் மூன்று கேத்தோடுகளிலும் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று செட் தானே அளந்துபார்க்கும். அளவு சரியாக வரும்வரை படத்தை வெளியே விடாது. டியூப் வயதாகித் தளர்ந்திருந்தால் 5 வரும். எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் ஸ்கிரீன் கன்ட்ரோல் இறங்கியிருந்தாலும் அதே 5 வரும். டியூப் போர்டில் ஒரே ஒரு டிரை சோல்டர் இருந்தாலும் அதே 5தான். கன்ட்ரோலை அரைக்கால் சுற்று திருப்பினால் தீர்ந்துவிடக்கூடிய செட்டுக்கும், டியூப்பே முடிந்துபோன செட்டுக்கும் ஒரே எண்.

அதே நிறுவனத்தின் பிராவியா செட்டுகள் வந்தபோது பழைய எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் தடுமாறினார்கள். எல்.சி.டி. பேனலில் வெர்டிகல் டிஃப்ளெக்ஷனே கிடையாது. பல பிராவியா மாடல்களில் 4 என்பது பேனலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டை ஓட்டும் பகுதி, 6 என்பது பேக்லைட், 2 பவர், 5 பேனலுக்குப் படத்தைக் கொடுக்கும் டி-கான் போர்டு பக்கம், 7 வெப்பம். மாடலுக்கு மாடல், சேஸிஸுக்கு சேஸிஸ் இது மாறும். அதனால் எண்ணைக் கேட்டுக்கொண்ட அடுத்த நொடியே செட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கேட்பேன். மாடல் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது, ஊர் தெரியாமல் கதவு எண்ணைத் தேடுகிற வேலை.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும். பிளக்கை மாட்டியதும் பவர் போர்டு ஒரு ஸ்டாண்ட்பை வோல்டேஜை மட்டும் தருகிறது. பல செட்டுகளில் 5 வோல்ட், சிலவற்றில் 3.3 வோல்ட். அதில் உயிர்பெறுவது மெயின் போர்டில் இருக்கும் பிராசசர். ரிமோட்டை அமுக்கியதும் அது 'பவர் ஆன்' லைனை உயர்த்தும். உடனே 12 வோல்ட் முதலான மற்ற சப்ளைகள் எழும்பும். அடுத்து டி-கான், பேனல், கடைசியாக பேக்லைட் ஆன். ஒவ்வொரு படியிலும் ஒரு லைன் பிராசசருக்குத் திரும்பி வந்து 'சரி' அல்லது 'சரியில்லை' என்று சொல்லும். 'சரியில்லை' என்று வந்த நொடியில் பிராசசர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, எந்த லைனிலிருந்து அந்தச் செய்தி வந்ததோ அதற்குரிய எண்ணை விளக்கில் காட்டும்.

பிராசசருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு லைன் விழுந்தது என்று அதற்குத் தெரியும். யார் விழவைத்தார்கள் என்று தெரியாது. எண்ணுக்கு நேராக சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் போர்டை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். எண் கைகாட்டும் இடத்தில் மீட்டரை வைத்து அளந்து, அங்கிருந்து பின்னோக்கி நடந்து போனால்தான் காரணம் கிடைக்கும்.

ஓர் ஆசிரியர் வீட்டு செட்டைச் சொல்கிறேன். பவர் போட்டால் லோகோ வெளிச்சம் ஒரு நொடி வந்து போகும், பிறகு 6 தடவை மினுக்கும். வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். "பேனல் போயிட்டு, புது டிவி வாங்கிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு நம்ப மனமில்லை. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா பாத்தோமே தம்பி" என்றார்கள். அறையை இருட்டாக்கி, செட்டை ஆன் செய்து, அந்தச் சில நொடிகளுக்குள் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்தேன். வெளிச்சத்துக்குள் லோகோ மங்கலாகத் தெரிந்தது. படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. பேனல் நன்றாகவே இருக்கிறது என்று அவர்களைக் கூப்பிட்டுக் கண்ணால் பார்க்கவைத்தேன்.

உள்ளே பிரித்துப் பார்த்தால் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பில் ஒரே ஒரு எல்.இ.டி.யின் நடுவில் கருப்புப் புள்ளி. ஸ்ட்ரிப்பில் எல்.இ.டி.கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். ஒவ்வொன்றும் சில வகைகளில் 3 வோல்ட், சில வகைகளில் 6 வோல்ட் எடுக்கும். ஒன்று அறுந்தால் மொத்தத் தொடரிலும் கரண்ட் நின்றுவிடும். டிரைவர் ஐ.சி. கரண்டைத் தள்ளப் பார்த்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். எல்லையைத் தாண்டியதும் பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்தி, பிராசசருக்குச் சொல்லும். பிராசசர் 6 என்று மினுக்கும். ஆக, ஒரு மிளகு அளவு எல்.இ.டி. போனதற்கு முழு டிவியும் இருண்டுகிடந்தது.

இந்த வேலையில் எண்ணைக் கண்டுபிடிப்பதைவிடப் பேனலைத் தூக்குவதுதான் கடினம். கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய ரிப்பன்கள் ஒட்டியிருக்கும். ஒன்று மடங்கினாலும் திரையில் கோடு விழுந்து, நல்ல பேனல் நிஜமாகவே போய்விடும். பெரிய செட்டென்றால் இரண்டு பேர் இல்லாமல் நான் தொடுவதில்லை. ஒரு எல்.இ.டி. போயிருந்தாலும் முழு செட் ஸ்ட்ரிப்பையும் மாற்றிவிடச் சொல்வேன்; எல்லாம் ஒரே வெப்பத்தில் ஒரே காலம் எரிந்தவை. மாற்றிய பிறகு பேக்லைட் கரண்டைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆயுள் நீளும்.

எண்ணைப் பின்னோக்கித் தொடர்வது என்றால் என்ன என்பதற்கு இன்னொரு செட். சுவரில் புதிதாக மாட்டிய டிவி, மாட்டிய நாளிலிருந்தே வரவில்லை. மினுக்கிய எண் ஆடியோ பகுதியைக் காட்டியது. "சவுண்டுல கோளாறுன்னா படமாவது வரணும்லா அண்ணாச்சி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டில் டி.சி. ஏறினால் ஸ்பீக்கர் காயில் சூடாகிக் கருகும். அதனால் பல செட்டுகளில் அந்த லைன் தப்பாகப் பேசினால் பிராசசர் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவிடும். புத்தகப்படி மெயின் போர்டை மாற்ற வேண்டும். நான் ஸ்பீக்கர் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு ஆன் செய்தேன், படம் வந்தது. பிறகு ஸ்பீக்கர் ஒயர் போகும் வழியைத் தடவிக்கொண்டே போனால், சுவர் ஸ்டாண்டுக்குப் போட்ட ஸ்குரூ தேவைக்குமேல் நீளம். அதன் நுனி உள்ளே இறங்கி ஒயரை பாடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. ஒயரை விலக்கி, டேப் சுற்றி, சரியான நீளத்தில் ஸ்குரூ போட்டதோடு வேலை முடிந்தது.

எண்ணை எண்ணும்போதே கூடக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எண் நிலையாக நிற்கிறதா என்பது. எத்தனை தடவை போட்டாலும் ஒரே எண் வந்தால் அதன் வழியிலேயே போகலாம். காலையில் 2, மத்தியானம் 5, இன்னொரு தடவை 6 என்று மாறிக்கொண்டே வந்தால், வீட்டில் சின்னப் பிள்ளைக்கு எங்கே வலித்தாலும் வயிற்றைத் தொட்டுக் காட்டுமே, அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்: கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டு நாமே தேட வேண்டும். அப்படி வரும் செட்டுகளில் நான் முதலில் பார்ப்பது பவர் போர்டு. ஸ்டாண்ட்பை அல்லது 12 வோல்ட் லைனில் கெபாசிட்டர் வறண்டிருந்தால், பளு ஏறும்போது வோல்டேஜ் தள்ளாடும். எந்த லைன் முதலில் தடுமாறுகிறதோ அதன் எண் வரும். கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். உப்பாமலும் வறண்டிருக்கும், அதை மீட்டரில்தான் பிடிக்க முடியும்.

இரண்டாவது, எண் எப்போது வருகிறது என்பது. பவர் போட்ட ஓரிரு நொடியிலேயே வந்தால் ஷார்ட்டோ அறுந்த லைனோ இருக்கலாம். கால் மணி நேரம் ஓடிய பிறகு வந்தால் வெப்பத்தில் விலகும் சோல்டர், சூட்டில் தளரும் பாகம் என்று தேட வேண்டும். திருச்செந்தூர், உவரிப் பக்கம் கடலோர வீடுகளிலிருந்து வரும் செட்டுகளில் ரிப்பன் கேபிளின் முனையில் உப்புக்காற்று பச்சை பூக்கவைத்திருக்கும். அங்கே எண் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே பல செட்டுகள் எழுந்துவிடும்.

ஒவ்வொரு நிறுவனமும் இந்த வேலையை ஒவ்வொரு விதமாகச் செய்திருக்கிறது. பிலிப்ஸ் செட்டுகள் பலவற்றில் இரண்டு அடுக்கு எண் உண்டு. முதல் அடுக்கு எந்தப் போர்டு என்று சொல்லும். இரண்டாவது அடுக்கு அதற்குள் எந்த ஐ.சி. பதில் சொல்லவில்லை என்று சொல்லும். செட் ஓடும் நிலையில் இருந்தால் ரிமோட்டில் 123654 அழுத்தி, பதிவாகியிருக்கும் பிழைகளைத் திரையிலேயே பார்க்கலாம். இதற்கு அடிப்படை, 1982இல் அதே நிறுவனம் உருவாக்கிய ஐ-டூ-சி பஸ். இரண்டே ஒயர்களில் பிராசசர் எல்லா ஐ.சி.களையும் முகவரி சொல்லிக் கூப்பிடும். அவை ஆம் என்று பதில் தர வேண்டும். ஆனால் ஒரு ஐ.சி. பழுதாகி அந்த ஒயரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டால் மற்ற ஐ.சி.களாலும் பதில் சொல்ல முடியாது. அப்போது எண்ணில் வரும் பெயர் வேறாகவும் பழுது வேறாகவும் இருக்கும். இரண்டு ஒயரிலும் வோல்டேஜ் சரியாக நிற்கிறதா என்று முதலில் அளப்பதுதான் முறை.

பானாசோனிக் பிளாஸ்மா செட்டுகளில் 7 தடவை மினுக்கினால் எஸ்.சி. என்னும் ஸ்கேன் போர்டு பக்கம் என்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அந்த போர்டோடு சேர்ந்த துணை போர்டுகள், எஸ்.எஸ். என்னும் சஸ்டெயின் போர்டு, பேனல் எதுவும் அந்த எண்ணைக் கொண்டுவரலாம் என்பதும் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கனெக்டர்களை ஒவ்வொன்றாக விலக்கி, எதை விலக்கினால் எண் மாறுகிறது என்று பார்த்துத்தான் முடிவுக்கு வருவோம். அந்த நிறுவனம் 2013 இறுதியோடு பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்திவிட்டது. புது போர்டு கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், தப்பான போர்டை மாற்றிப் பார்க்கும் சொகுசு யாருக்கும் இல்லை. ஷார்ப் அக்வாஸ் செட்டுகள் சிலவற்றில் வேறொரு சங்கதி. பேக்லைட் விளக்குக் கோளாறு 5 தடவை பதிவானால் செட் தன்னைப் பூட்டிக்கொள்ளும். விளக்கையும் இன்வெர்ட்டரையும் சரிசெய்தாலும் எழாது. சர்வீஸ் மோடுக்குள் போய் அந்தக் கணக்கை அழித்தால்தான் வரும். இது தெரியாமல், சரிசெய்த செட்டையே சரியாகவில்லை என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இப்போது கடைக்கு வரும் செட்டுகளில் பெரும்பகுதி யுனிவர்சல் போர்டு போட்ட மலிவு விலை டிவிகள். அவற்றில் ஒழுங்கான எண் கிடையாது. அங்கேயும் விளக்கின் நடத்தையை வாசிக்கலாம். சிவப்பு நீலமாகி, சில நொடியில் திரும்பவும் சிவப்பானால் செட் எழப் பார்த்து விழுகிறது. விளக்கு ஒரே சீராக அணைந்து அணைந்து எரிந்தால் பவர் சப்ளை ஷார்ட்டைக் கண்டு நின்று நின்று முயல்கிறது. நீலத்திலேயே உறைந்து நின்றால் சாஃப்ட்வேர் பக்கம் சந்தேகப்படலாம். அதற்குமேல் வேண்டுமென்றால் மெயின் போர்டின் சீரியல் லைனில் யு.எஸ்.பி. அடாப்டர் மாட்டி, பல போர்டுகளுக்குப் பொருந்தும் 115200 வேகத்தில் கம்ப்யூட்டரில் பார்த்தால், செட் எழும்போது எந்த வரியில் நிற்கிறது என்று எழுத்தாகவே வரும். புதுப் பிள்ளைகள் இதை எங்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: கவரைக் கழற்றியதும் பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரை முதலில் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்குமேல் நிற்கும். எந்த எண்ணும் அதைப் பற்றி எச்சரிக்காது.

எனக்குள்ள வருத்தமும் கோரிக்கையும் ஒன்றே. டிவியோடு வரும் கையேட்டில், விளக்கு மினுக்கினால் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள் என்பதற்குமேல் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எண்ணின் பொருள் சர்வீஸ் மேனுவலுக்குள் இருக்கிறது. அது எல்லார் கைக்கும் வருவதில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாசல் தொடங்கி, நிறுவனங்கள் தங்கள் கையேடுகளையும் உதிரிபாகத் தகவலையும் அதில் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறது. மினுக்கும் எண்களின் பட்டியலும் சேஸிஸ் வாரியாக அங்கே இடம்பெற வேண்டும். காசு கொடுத்து வாங்கிய செட் தன்னைப் பற்றிச் சொல்வதைப் புரிந்துகொள்ள, வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு.

அது வரும்வரை எங்கள் நோட்டுதான் துணை. என் நோட்டில் மூன்று பத்தி: மினுக்கிய எண், புத்தகம் சொன்ன காரணம், கடைசியில் கண்டுபிடித்த காரணம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகும் இடங்கள் பல. ஒத்துப்போகாத இடங்களில்தான் தொழில் இருக்கிறது. கேட்கிற பிள்ளைகளுக்கு அதைத் தயங்காமல் கொடுக்கிறேன். வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: மெக்கானிக் வந்து "இந்தப் போர்டு போயிட்டு" என்றால், எந்த இடத்தில் அளந்தீர்கள், எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எத்தனை இருந்தது என்று கேளுங்கள். அளந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். அளக்காதவரிடம் போர்டு மாற்றக் காசு கொடுக்காதீர்கள்.